போட்டோவில் வராத கணக்கு: இணையவழிப் பாடம் வடசென்னைப் பிள்ளைகளின் கணிதத்தை என்ன செய்தது?

2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது தமிழ், ஆங்கிலம், அறிவியல், கணக்கு என்று எல்லாப் பாடங்களும் ஒன்றாகத்தான் செல்போனுக்குக் குடிபோயின. அடி மட்டும் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி விழவில்லை. தமிழகக் கிராமப்புறங்களில் தொடக்கப் பள்ளி வயதில் இருந்த சுமார் 19,000 குழந்தைகளை நேரில் சோதித்து, அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் என்ற மூன்று பொருளியலாளர்கள் ஓர் ஆய்வு செய்தார்கள். 2019இல் அதே ஊர்களில் அதே வயதில் இருந்த குழந்தைகளோடு 2021 டிசம்பரில் இருந்தவர்களை ஒப்பிட்டபோது, மொழிப்பாடத்தில் பின்னடைவு 0.34 திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு). கணக்கில் சுமார் 0.7. மொழியில் ஒரு பங்கு போனால் கணக்கில் இரண்டு பங்கு போயிருக்கிறது.

பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் வீடு வீடாகச் சோதித்து வெளியிடப்படும் அசர் அறிக்கையும் இதே பக்கம்தான் கைகாட்டுகிறது. தமிழகத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் கழித்தல் கணக்குப் போடத் தெரிந்தவர்கள் 2018இல் 25.9 சதவீதம்; 2022இல் 11.2 சதவீதம்.

இரண்டுமே கிராமப்புறத்தைப் பற்றிய எண்கள். ராயபுரமும் வியாசர்பாடியும் கொருக்குப்பேட்டையும் இவற்றில் இல்லை. ஆனால் தண்டையார்பேட்டைப் பக்கம் மாலையில் டியூஷன் எடுக்கும் எனக்கு அந்த எண்கள் அந்நியமாகத் தெரியவில்லை. பள்ளிகள் திறந்த பிறகு வந்து உட்கார்ந்த பிள்ளைகள் தமிழ்ப் பாடத்தைத் தட்டுத்தடுமாறியாவது வாசித்தார்கள். வகுத்தல் என்றதும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்கள்.

ஏன் கணக்கு மட்டும் இவ்வளவு? பள்ளி மூடியிருந்தாலும் மொழி வீட்டில் நடந்துகொண்டே இருக்கும். பேச்சு இருக்கிறது, டிவி இருக்கிறது, சுவரில் போஸ்டர் இருக்கிறது, போனில் வந்து விழும் மெசேஜ் இருக்கிறது. எழுதிப் போடும் கணக்குக்குப் பள்ளியை விட்டால் வேறு இடம் கிடையாது. "எங்க பக்கத்துப் பசங்க காசுக்கணக்கில கெட்டிக்காரங்களாச்சே" என்று கேட்கலாம். உண்மைதான். காசிமேட்டில் அம்மாவோடு மீன்கூடை பக்கத்தில் உட்காரும் பிள்ளை, முக்கால் கிலோ சங்கராவுக்கு விலை சொல்லி ஐந்நூறு ரூபாய்க்குப் பாக்கியும் கொடுத்துவிடும். ஆனால் அந்தத் திறமை தானாக நோட்டுக்கு வந்து சேர்வதில்லை. கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை பார்க்கும் சிறுவர்களிடம் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்ட பொருளியலாளர்கள் நடத்தி, 2025இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வும் இதைத்தான் கண்டது: கடையில் மனக்கணக்காக மளமளவென்று போடும் பிள்ளை, அதே கணக்கைப் பாடப்புத்தக வடிவில் தாளில் கொடுத்தால் திணறுகிறது. பள்ளியில் மட்டும் படித்த பிள்ளைக்குச் சந்தைக் கணக்கு வருவதில்லை. இரண்டுக்கும் நடுவே நின்று சேர்த்துவைக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் 2020இல் திரைக்குப் பின்னால் போய்விட்டார்.

ஒரே போன்

இணையவழிக் கல்வி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது கூகுள் மீட், ஜூம், தலையில் ஹெட்போன் மாட்டிய குழந்தை. தனியார் பள்ளிகள் பலவற்றில் அது நடந்தது. வடசென்னையின் அரசுப் பள்ளி, மாநகராட்சிப் பள்ளி, சின்னச் சின்ன உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு நடந்தது வேறு: வாட்ஸ்அப் குரூப். காரணம் எளிமையானது. வீட்டில் போன் ஒன்று. அதுவும் அப்பாவோடு துறைமுகத்துக்கோ, லோடு வண்டிக்கோ, மீன்பிடித் துறைமுகத்துக்கோ போய்விடும். காலை பத்து மணிக்கு மிஸ் வீடியோவில் வந்தால் பார்க்கப் பிள்ளையிடம் போன் இருக்காது. போன் கைக்கு வருவது ராத்திரிதான். அதற்குள் அக்காவும் தம்பியும் வரிசையில் நிற்பார்கள். டேட்டாவும் தீர்ந்திருக்கும்.

ஆகவே நேரலை வகுப்பு எடுபடவில்லை. ஆசிரியர் காலையில் கரும்பலகையையோ நோட்டையோ படம் பிடித்துப் போடுவார். குரல் பதிவில் விளக்கம் சொல்வார். ராத்திரி பிள்ளைகள் நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்புவார்கள். மறுநாள் மிஸ் டிக் போடுவார். 2019 ஆகஸ்டில் தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சி 2020 ஜூலையிலிருந்து வகுப்புவாரியாகப் பாடம் ஒளிபரப்பியது பெரிய உதவி. போன் இல்லாத வீட்டிலும் டிவி இருந்தது. ஆனால் டிவி சொல்லும், கேட்காது. பத்தடிக்குப் பத்தடி அறையில் பாட்டி படுத்திருக்க, அம்மா சமைக்க, பக்கத்து வீட்டில் பாட்டு அலற, ஈவு என்றால் என்ன என்று அது சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடும்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று வாய்ப்பாடு. வகுப்பில் எல்லோரும் சேர்ந்து ஒரே குரலில் சொல்லும் பழக்கம் இணையத்தில் முதல் நாளே செத்துப்போனது. ஒவ்வொரு போனுக்கும் ஒலி வந்து சேரும் நேரம் வேறு வேறு. முப்பது பேர் "ஏழெட்டு ஐம்பத்தாறு" என்று சொன்னால் முப்பது திசையிலிருந்து முப்பது நேரத்தில் கேட்கும். எல்லோரையும் மியூட்டில் போட்டார்கள். சேர்ந்து சொல்லும்போது தெரியாத பிள்ளையும் பக்கத்துப் பிள்ளையின் வாயைப் பார்த்துப் பிடித்துக்கொள்ளும். அந்தத் துணை போய்விட்டது. ஆனால் சில ஆசிரியர்கள் "ஆளுக்கு ஒரு வாய்ப்பாடு, வாய்ஸ் மெசேஜில் சொல்லி அனுப்பு" என்றார்கள். கூட்டத்தில் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்த பிள்ளை யார் என்று அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

ஃபேர் காப்பி

என் பார்வையில், கணக்குப் பாடத்துக்கு அந்தக் காலத்தில் நேர்ந்த மிகப் பெரிய சேதம் நெட்வொர்க்கால் வந்ததல்ல. நோட்டைப் போட்டோ எடுக்கும் பழக்கத்தால் வந்தது. கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

502இலிருந்து 267ஐக் கழிக்க வேண்டும். விடை 235. ஒரு பிள்ளை 365 என்று எழுதுகிறது. இரண்டிலிருந்து ஏழு போகாது என்றதும் ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிட்டது. பூஜ்ஜியத்திலிருந்து ஆறு போகாது என்றதும் ஆறிலிருந்து பூஜ்ஜியத்தை. பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழிப்பது என்ற ஒரே விதி அதன் கையில் இருக்கிறது. இன்னொரு பிள்ளை 245 என்று எழுதுகிறது. அதற்குக் கடன் வாங்கத் தெரியும். நடுவில் உள்ள பூஜ்ஜியம் நூறிடம் கடன் வாங்கிப் பத்தான பிறகு, அதிலிருந்து ஒன்றை ஒன்றின் இடத்துக்குக் கொடுத்துவிட்டால் மீதி ஒன்பதுதான் என்பதை மறந்துவிட்டது. முதல் பிள்ளைக்கு இடமதிப்பையே திரும்பச் சொல்லித்தர வேண்டும். இரண்டாவது பிள்ளைக்கு ஒரு நிமிஷம் போதும். மூன்றாவது பிள்ளை 235 என்று சரியாகவே எழுதுகிறது. ஆனால் ஓரத்தில் கோடு கோடாகப் போட்டு எண்ணி, அந்தக் கோடுகளை ரப்பரால் அழித்துவிட்டு எழுதியது. அதற்கும் உதவி தேவை. நாளைக்கு எண்கள் பெரிதானால் கோடு போட்டு முடியாது.

வகுப்பில் பெஞ்சுகளுக்கு நடுவே நடக்கிற ஆசிரியருக்கு இந்த மூன்றும் ஒரே சுற்றில் கண்ணில் படும். விரல் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கத்திலிருந்து கழிக்கத் தொடங்குகிறது, எந்த இடத்தில் பக்கத்து நோட்டைப் பார்க்கிறது, எல்லாமே தகவல்.

போட்டோவில் என்ன நடந்தது? குரூப்பில் நாற்பது பெற்றோர் பார்க்கும் படம் அது. அடித்தல் திருத்தலோடு அனுப்ப எந்த அம்மாவுக்கும் மனசு வராது. "இன்னொரு பேப்பர்ல நீட்டா எழுதி அனுப்பு" என்பார்கள். பிள்ளை ஃபேர் காப்பி எழுதும். முதலில் போட்ட தப்பு, அழித்த இடம், ஓரத்துக் கோடுகள், ரஃப் ஒர்க் எல்லாம் அந்தப் பழைய தாளோடு குப்பைக்குப் போய்விடும். அக்கா சொல்லிக்கொடுத்ததா, குரூப்பில் முதலில் வந்த படத்தைப் பார்த்து எழுதியதா என்றும் தெரியாது. ஆசிரியருக்குக் கிடைத்தது நாற்பது சுத்தமான, கிட்டத்தட்ட ஒரே மாதிரியான விடைத்தாள்கள். எல்லாவற்றுக்கும் டிக். அந்த டிக்குகளின் மேல்தான் அடுத்த பாடம் நடந்தது.

மொழிப்பாடத்தில் ஃபேர் காப்பியால் இவ்வளவு நஷ்டம் இல்லை. பார்த்து எழுதினாலும் எழுத்தாவது பழகும். கணக்கில் வழிமுறைதான் பாடம். அதைப் பார்க்க முடியாவிட்டால் ஆசிரியர் எதைத் திருத்துவார்?

கூகுள் ஃபார்ம் வந்ததும் இது இன்னும் சுருங்கியது. நான்கு விடையில் ஒன்றைத் தொடு, மார்க் உடனே வரும். திருத்துகிற சுமை இல்லை என்பதால் ஒன் மார்க் கேள்விகளே அந்த ஆண்டுகளின் கணக்குத் தேர்வாகிப் போனது. செல்போனில் பின்னமோ வர்க்கமூலமோ தட்டச்சு செய்வது பெரியவர்களுக்கே பாடு. பிள்ளைகள் "ரூட் 3" என்றும் "x ஸ்கொயர்" என்றும் ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்பினார்கள். எழுத முடியாததைக் கேட்காமல் விட்டுவிடுவது ஆசிரியர்களுக்கும் வழக்கமாகிவிட்டது.

காம்பஸுக்கு மேலே கேமரா

இழந்ததை மட்டுமே சொன்னால் அது முழு உண்மை ஆகாது. சில விஷயங்களில் இணையவழிப் பாடம் வகுப்பறையைவிட நன்றாகவே இருந்தது. அதில் முதலாவது வடிவியல்.

பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வில் செய்முறை வடிவியலுக்கு 8 மார்க், வரைபடத்துக்கு 8 மார்க். தேர்ச்சிக்கு வேண்டியது 35. கணக்கு வராது என்று ஒதுங்கிய பிள்ளையையும் இந்த 16ஐக் காட்டித்தான் எந்த ஆசிரியரும் உள்ளே இழுப்பார். தொடுகோடு வரைவது, அடிப்பக்கமும் உச்சிக்கோணமும் குத்துயரமும் கொடுத்தால் முக்கோணம் வரைவது போன்றவை கைப்பழக்கம். பழகினால் மார்க் நிச்சயம்.

இதை வகுப்பில் எப்படிச் சொல்லித்தருகிறோம்? மரக் காம்பஸில் சாக்பீஸைச் சொருகிக் கரும்பலகையில் வட்டம் போடுகிறோம். முதுகு பாதியை மறைக்கும். கடைசி பெஞ்சுக்குப் புள்ளி தெரியாது. மரக் காம்பஸைப் பிடிக்கும் விதமும் ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் சின்னக் காம்பஸைப் பிடிக்கும் விதமும் வேறு வேறு. 2020இல் ஆசிரியர்கள் வீட்டில் இரண்டு டப்பாவை அடுக்கி, நடுவே ஸ்கேல் வைத்து, அதன்மேல் போனைக் கவிழ்த்துப் படம் எடுத்தார்கள். நோட்டுக்கு நேர் மேலே கேமரா. காம்பஸின் முனை எங்கே குத்துகிறது, பென்சில் எவ்வளவு சாய்கிறது, பாகைமானியின் நடுப்புள்ளியை எங்கே வைக்க வேண்டும் என்று பிள்ளை தன் கையைப் பார்ப்பதுபோலவே பார்க்க முடிந்தது. புரியவில்லை என்றால் நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடியும் பார்க்கலாம். இன்றைக்கும் என்னிடம் வரும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் செய்முறை வடிவியலை முதலில் வீடியோவில் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறார்கள். நான் அதை மாற்ற நினைக்கவில்லை.

இரண்டாவது, கூச்சம். வகுப்பில் எழுந்து "சார், எனக்கு இரண்டாவது ஸ்டெப்பே புரியல" என்று கேட்பதற்குப் பதினான்கு வயதில் பெரிய துணிச்சல் வேண்டும். அதைத் தனி மெசேஜில் கேட்பது எளிது. குரூப்பில் வாயே திறக்காத பெண்பிள்ளைகள் இரவு பத்து மணிக்குத் தனியாகக் குரல் பதிவு அனுப்பிக் கேட்டார்கள். பள்ளி திறந்த பிறகும் அந்தப் பழக்கம் தொடர்கிறது. பின்தங்கிய பிள்ளைகளுக்கு இணையம் கொடுத்த உண்மையான உதவி இதுதான் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது, நல்ல விளக்கம் எல்லோருக்கும் கிடைத்தது. காரணிப்படுத்தலையோ முக்கோணவியலையோ தமிழில் தெளிவாகச் சொல்லும் வீடியோக்கள் அந்த இரண்டு ஆண்டுகளில் குவிந்தன. 2018இலிருந்து வந்த புதிய பாடப்புத்தகங்களில் க்யூஆர் குறியீடு ஏற்கெனவே இருந்தது. அதை உண்மையில் ஸ்கேன் செய்யத் தொடங்கியது அப்போதுதான். நல்ல கணக்கு வாத்தியார் கிடைப்பது ஒரு காலத்தில் அதிர்ஷ்டம். இன்றைக்கு எருக்கஞ்சேரிப் பிள்ளைக்கும் அடையாறு பிள்ளைக்கும் ஒரே விளக்கம் கைக்கு எட்டும்.

விளக்கம் எட்டிவிட்டது. திருத்தம் எட்டவில்லை. இந்த இரண்டும் வேறு வேறு வேலை என்பதைக் கல்வித்துறையில் பேசுகிறவர்கள் போதுமான அளவு பிரித்துப் பார்ப்பதில்லை என்பது என் வருத்தம்.

துறைமுகத்திலிருந்து போன கடிதம்

தொலைவிலிருந்து கணக்குக் கற்பதன் எல்லை எது என்பதற்கு எங்கள் பக்கத்திலேயே நூறு வருஷத்துக்கு முந்தைய உதாரணம் இருக்கிறது. சீனிவாச ராமானுஜன் 1912 மார்ச் 1 அன்று சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தராகச் சேர்ந்தார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த கணிதவியலாளர் ஹார்டிக்கு அங்கிருந்துதான் கடிதம் எழுதினார். தாள் விலை கட்டுப்படியாகாததால் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்துவிட்டு, முடிவை மட்டும் நோட்டில் எழுதுவது அவர் வழக்கம். ஹார்டிக்குப் போனதும் அப்படிப்பட்ட முடிவுகள்தான். பிப்ரவரியில் வந்த பதிலில் ஹார்டி முக்கியமாகக் கேட்டது நிரூபணங்களை. எப்படி வந்தாய் என்பதைக் காட்டு என்றார். கடிதத்திலேயே அது தீரவில்லை. 1914 தொடக்கத்தில் ஹார்டியோடு கேம்பிரிட்ஜில் இருந்த கணிதவியலாளர் நெவில் சென்னைக்கே வந்து நேரில் பேசினார். மார்ச் 17 அன்று ராமானுஜன் கப்பல் ஏறினார். பிறகு கேம்பிரிட்ஜில் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்த ஆண்டுகளில்தான், அவர் மனதில் நடப்பதை இன்னொருவர் வரிவரியாகப் பார்க்க முடிந்தது.

மேதைக்கும் 502இல் தடுமாறும் பிள்ளைக்கும் உள்ள தூரம் எனக்குத் தெரியும். ஆனால் சிலேட்டில் அழிந்துபோன வழிமுறையைத் தபாலில் அனுப்ப முடியவில்லை என்பது இருவருக்கும் பொதுவான சிக்கல்.

இந்தக் கடிதங்களையும் நினைவுகளையும் தேடித் திரட்டி 1968இல் நூலாக்கியவர், முத்தியால்பேட்டைப் பள்ளியில் கணித ஆசிரியராக இருந்த பி.கே. சீனிவாசன். ராயபுரத்தில் அவ்வை கலைக் கழகத்தில் 1993இல் ராமானுஜன் அருங்காட்சியகத்தையும் கணிதக் கல்வி மையத்தையும் அமைத்தவர் அவர்தான். தாளை மடித்து, வெட்டி, அடுக்கிக் கையால் செய்து பார்த்துக் கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் சொன்ன ஆசிரியர். வடசென்னைக்கு இப்படி ஒரு கணித மரபு இருப்பது இங்குள்ள பிள்ளைகளில் பலருக்கே தெரியாது. ராயபுரம் பக்கம் இருக்கிறவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை விசாரித்துக்கொண்டு பிள்ளைகளை அங்கே அழைத்துப் போனால் நன்றாக இருக்கும்.

திறந்த பிறகு

ஒன்றிலிருந்து எட்டு வரையான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. மூடிக்கிடந்தது ஏறத்தாழ 19 மாதம். 2019-20இல் நான்காம் வகுப்பில் இருந்த ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்வோம். ஐந்தாம் வகுப்பு முழுதும் பள்ளிக்கே போகவில்லை. ஆறாம் வகுப்பின் முதல் சில மாதங்களும் போயின. பின்னம், முழுக்கள், இயற்கணிதத்தின் ஆரம்பம் எல்லாம் வருவது இந்த இரண்டு வகுப்புகளில்தான். அந்தப் பிள்ளை 2025-26இல் பத்தாம் வகுப்பு. அங்கே இயற்கணிதத்தில் விகிதமுறு கோவைகளை, அதாவது x போன்ற எழுத்துகள் வரும் பின்னங்களை, கூட்ட வேண்டும். பகுதிகளுக்கு மீச்சிறு பொது மடங்கு காண வேண்டும். அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு என்று எழுதுகிற பிள்ளைக்கு அந்தப் பாடம் எப்படிப் புரியும்? பத்தாம் வகுப்பில் தோற்கிறது என்று நாம் பார்ப்பது, உண்மையில் ஐந்தாம் வகுப்பில் நடக்காமல் போன ஒரு வாரப் பாடமாக இருக்கலாம்.

அரசு இதைப் புரிந்துகொண்டு சில காரியங்கள் செய்தது. 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியது. சுமார் இருபது பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர், மாலையில் தெருவிலேயே, கோயில் வாசலிலேயே வகுப்பு. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. அந்த ஏற்பாட்டின் பலம், பிள்ளையின் நோட்டைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஒரு அக்கா கிடைத்ததுதான். முதலில் சொன்ன அதே ஆய்வு, பள்ளிகள் திறந்த ஆறு மாதத்தில் பின்னடைவில் மூன்றில் இரண்டு பங்கு ஈடுகட்டப்பட்டது என்றும், அதில் கிட்டத்தட்ட கால் பங்குக்கு இல்லம் தேடிக் கல்வி காரணம் என்றும் கண்டது. பிள்ளைகள் மறந்ததைவிட வேகமாக மீண்டார்கள் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். "கொரோனா பேட்ச்" என்று அவர்களை முத்திரை குத்துகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

அப்புறம் 2022 ஜூன் 13 அன்று எண்ணும் எழுத்தும் திட்டம். அதன் தொடக்க விழா நடந்ததே நமக்குப் பக்கத்தில், புழல் ஒன்றியம் அழிஞ்சிவாக்கம் பள்ளியில். ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கி, பிறகு நான்கு, ஐந்துக்கும் வந்தது. வகுப்பு எதுவாக இருந்தாலும் பிள்ளை நிற்கிற நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லித்தருவது இதன் அடிப்படை. மூன்றாம் வகுப்பில் இருப்பதாலேயே மூன்றாம் வகுப்புக் கணக்கு தெரிந்திருக்கும் என்று எடுத்துக்கொள்ளாமல் இருப்பது பெரிய மனமாற்றம். பதிவேடும் பயிற்சிநூலும் அதிகம் என்ற ஆசிரியர்களின் குறை நியாயமானது. ஆனாலும் யோசனை சரியானது.

நடுநிலை, உயர்நிலை வகுப்புகளுக்கு இப்படி அடிப்படையைச் சொல்லித்தரும் 'திறன்' திட்டம் 2025இல்தான் வந்தது; நடுவில் பெரிய இடைவெளி விழுந்துவிட்டது. வடசென்னையில் அந்த இடைவெளியை இன்று நிரப்புவது மாடிப்படிக்குக் கீழேயும் வீட்டு வராந்தாவிலும் நடக்கும் டியூஷன்கள். காசு கட்ட முடிந்தவர்களுக்கு மட்டும்.

இன்றைய போன்

பெருந்தொற்று முடிந்தது, போன் பிள்ளையின் கையிலேயே தங்கிவிட்டது. இப்போது கணக்கைப் போட்டோ எடுத்தால் ஆசிரியருக்கு அனுப்ப வேண்டியதில்லை. செயலியே ஸ்டெப் ஸ்டெப்பாக விடை தருகிறது. போட்டோமேத் போன்றவை முன்பே இருந்தன. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு வார்த்தைக் கணக்கும் அதற்குள் அடங்கிவிட்டது. வீட்டுப்பாடத்தைப் பார்த்து ஒரு பிள்ளைக்குக் கணக்கு வருமா என்று சொல்ல முடிந்த காலம் போய்விட்டது. ஃபேர் காப்பியை இனி அக்காகூட எழுதித்தர வேண்டாம்.

இதற்குத் தடை போடுவது தீர்வு என்று நான் நம்பவில்லை. உயர்கல்வியில் ஒரு ஏற்பாட்டைப் பாருங்கள்: சென்னை ஐஐடி 2020இல் தொடங்கிய தரவு அறிவியல் பட்டப்படிப்பில் கணிதமும் புள்ளியியலும் அடித்தளப் பாடங்கள். வகுப்பு முழுதும் இணையத்தில். முக்கியத் தேர்வுகளை மட்டும் மையத்துக்கு நேரில் வந்து எழுத வேண்டும். எது தொலைவிலிருந்து நடக்கலாம், எதற்கு ஆள் எதிரில் இருக்க வேண்டும் என்று தெளிவாகப் பிரித்திருக்கிறார்கள். பள்ளிக் கணக்குக்கும் இந்தப் பிரிவினை வேண்டும். விளக்கத்தை வீட்டில் வீடியோவில் பார்க்கட்டும். நாற்பது நிமிஷ வகுப்பில் பாதியையாவது பிள்ளைகள் எதிரில் கணக்குப் போட, ஆசிரியர் நடந்து பார்க்க ஒதுக்க வேண்டும். வீடியோ பார்க்க வழியில்லாத பிள்ளைக்குப் பள்ளியிலேயே, ஹைடெக் லேபிலோ ஸ்மார்ட் வகுப்பிலோ, சாயங்காலம் அரை மணி நேரம் கிடைக்க வேண்டும்.

பெற்றோரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கணக்கு நோட்டில் அடித்தல் திருத்தல் இருந்தால் கோபப்படாதீர்கள். புதுத்தாளில் எழுதச் சொல்லாதீர்கள். ரப்பரை எடுத்து வைத்துவிட்டு, தப்பானதை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் திருப்பி எழுதச் சொல்லுங்கள். அடித்த கணக்குத்தான் எங்களுக்கு வேண்டும்.

ஆசிரியர்கள் சிலர் இப்போது வீட்டுப்பாடத்தையே மாற்றிவிட்டார்கள். பத்துக் கணக்குக்குப் பதிலாக ஒரே கணக்கு. போட்டுவிட்டு, ஏன் அந்த ஸ்டெப்பை எழுதினாய் என்று ஒரு நிமிஷம் பேசி வாய்ஸ் மெசேஜ் அனுப்ப வேண்டும். செயலியிலிருந்து எழுதிய பிள்ளை இரண்டாவது வரியிலேயே மாட்டிக்கொள்ளும். புரிந்த பிள்ளை தன் மொழியில், "அந்தப் பக்கம் போனா மைனஸ் ஆயிடும்ல மிஸ்" என்று சொல்லிக்கொண்டே போகும். அந்தப் பக்கம் போனால் ஏன் மைனஸ் ஆகிறது என்று மறுநாள் வகுப்பில் அங்கிருந்து தொடங்கலாம். நானும் இதைச் செய்துவருகிறேன். நல்ல பலன் இருக்கிறது.

ஆனால் நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஆளுக்கு ஒரு நிமிஷம் என்றாலும் கேட்டு முடிக்க நாற்பது நிமிஷம். இரண்டு செக்‌ஷன் என்றால் எண்பது. ஆசிரியர் அதை ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, தன் சொந்த போனில், தன் சொந்த டேட்டாவில் கேட்கிறார். இந்த நேரம் பணி நேரத்தில் சேர்க்கப்படுவதில்லை. ஆசிரியர் எத்தனை பேர் வேண்டும், ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள் இருக்கலாம் என்று முடிவு செய்கிறவர்கள், கணக்கு ஆசிரியருக்கு இந்தத் திருத்தும் நேரத்தையும் வேலையாகக் கணக்கிட்டு ஆட்களை நியமிக்க வேண்டும்.